காதைக் கூச வைக்கும் ட்ரெபிள்: குறை கருவியிலா, கூடத்திலா?

தக்கலைக்கு அருகே எங்கள் பழைய ஓட்டு வீட்டில் பல ஆண்டுகள் இனிமையாகப் பாடிய ஒரு ஜோடி ஸ்பீக்கர், நாகர்கோவில் பார்வதிபுரத்தில் கட்டிய கான்கிரீட் வீட்டுக்கு இடம் மாறிய முதல் நாளே காதைக் கூச வைத்தது. ஆம்ப்ளிஃபையர் அதே, ஒயர் அதே, சிடியும் அதே. ஆனால் பாடகியின் குரலில் 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் ஊசி ஏற்றியது போல இருந்தது. வில்லுப்பாட்டின் ஜால்ரா சுவரெங்கும் சிதறியது. நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் கை தானாகவே வால்யூம் குமிழைத் தேடிப் போயிற்று. "தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க, செவியில குத்துது" என்று மைனி (அண்ணி) சமையலறையிலிருந்து சொன்னார். ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்றே நானும் எண்ணினேன். பழுது பார்ப்பவர், உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகும் குத்தல் அப்படியே நின்றது. குறை இருந்தது ட்வீட்டரில் அல்ல, புது வீட்டின் தரையிலும் சுவரிலும்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயிற்று.

இந்த ஓர் ஆண்டையும் ட்வீட்டருக்குக் கொடுத்த பணத்தையும் பிறர் இழக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ட்ரெபிள், அதாவது ஒலியின் கீச்சுப் பகுதி, குத்துகிறது என்றால் உடனே கருவியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் கருவி கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். அதற்கு முன்னே பார்க்க வேண்டியவை பல உண்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

குத்தல் எந்த இடத்தில் இருக்கிறது

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை முறை காற்று அதிர்கிறது என்பதன் கணக்கு. கீழ்ப்பகுதியை பேஸ் என்றும் மேற்பகுதியை ட்ரெபிள் என்றும் அழைக்கிறோம். பெரும்பாலோர் நினைப்பது போலக் காதைக் குத்தும் ஒலி ட்ரெபிளின் உச்சியில் இருப்பதில்லை. 10,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதி ஒலிக்கு ஒரு மெல்லிய மினுக்கத்தையும் காற்றோட்டத்தையும் தருவது. நடுவயதைக் கடந்த பலருக்கு அதில் பாதி கேட்பதே இல்லை. குத்தல் குடியிருக்கும் இடம் அதற்குக் கீழே, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளின் சீறல் மட்டும் இன்னும் சற்று மேலே, பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் அமைகிறது.

2,000 முதல் 5,000 வரையிலான பகுதி ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கு விடை நம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிக்காதிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் ஒரு முனை திறந்தும் மறுமுனை செவிப்பறையால் மூடியும் இருக்கிறது. ஒரு முனை மூடிய குழாயின் வாயில் ஊதினால் அதன் நீளத்துக்கு ஏற்ற ஒரு சுரம் எழும்புவது போல, இந்தக் குழாயும் தன் நீளத்துக்கு ஏற்ற ஒலியைத் தானே பெருக்கிக் கொடுக்கிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதைக் குழாயின் நீளத்தைப் போல நான்கு மடங்கால் வகுத்தால் கிடைப்பது சுமார் 3,400 ஹெர்ட்ஸ். குழந்தையின் அழுகையில் உள்ள கூர்மையான கூறுகளும், பேச்சின் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூறுகளும் ஏறத்தாழ இந்தப் பகுதியில்தான் விழுகின்றன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் வெளியிட்ட சம ஒலிப்பு வரைகோடுகளும் இதையே காட்டின: ஒரே வலிமையுள்ள ஒலிகளில் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ளதே காதுக்கு மிக உரக்கக் கேட்கிறது.

ஆகவே இந்தப் பகுதியில் இரண்டு மூன்று டெசிபெல் (ஒலி வலிமையின் அலகு) கூடினாலே போதும், காது கூசிவிடும். அதே இரண்டு மூன்று டெசிபெல் 12,000 ஹெர்ட்ஸில் கூடினால் பலருக்குத் தெரியவே தெரியாது.

முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

குத்துகிறது என்று நமக்குத் தோன்றும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை முதலில் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். அங்கும் அதே இடத்தில் அதே அளவு குத்தினால் குறை பதிவிலேயே இருக்கிறது. ஹெட்ஃபோனில் இதமாகவும் ஸ்பீக்கரில் கடுமையாகவும் இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். ஸ்பீக்கரின் எதிரே இரண்டடி தூரத்தில், காது ட்வீட்டரின் உயரத்துக்கு வருமாறு உட்கார்ந்து, ஒலியைக் குறைத்து வைத்து அதே பாட்டைக் கேட்க வேண்டும். இவ்வளவு அருகில் ஸ்பீக்கரின் நேரடி ஒலியே மிகுந்திருக்கும். அறையின் பங்கு மிகக் குறைவு. இங்கே குத்தல் அடங்கி, வழக்கமான இருக்கைக்குப் போனதும் திரும்ப வந்தால், குறை அறையில் இருக்கிறது. என் ஸ்பீக்கர்கள் இந்தச் சோதனையில் பழைய வீட்டில் பாடியது போலவே பாடின. ட்வீட்டரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்திருக்கலாம்.

மூன்றாவது, ஒலியளவைப் பொறுத்த சோதனை. மெல்ல வைத்தால் இதமாகவும், கூட்டியதும் திடீரெனக் கரகரப்பாகவும் மாறினால் ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் குத்துகிறது, மற்றவர்களுக்கு இல்லை என்றால் அதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. கேட்கும் திறன் குறைந்த முதியோர் சிலருக்கு மெல்லிய ஒலி கேட்காமலும், சற்றுக் கூடிய ஒலி தாங்க முடியாமலும் இருப்பது உண்டு. தொலைக்காட்சி, பாத்திரச் சத்தம், பேருந்தின் ஹாரன் என எல்லாமே உறுத்தினால் காது மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை.

ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-ல் கட்டி முடிந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் அருகிலிருந்த அரங்கு ஒன்றின் இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, ஒவ்வொரு முறையும் ஓர் ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட ஒலி விரைவாக அடங்கியது. ஒரு பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்பதை அளக்க அவர் தேர்ந்தெடுத்த அலகு எனக்கு மிகவும் பிடித்தது: திறந்த ஜன்னல். திறந்த ஜன்னல் வழியே வெளியேறிய ஒலி திரும்பி வருவதில்லை. ஆகவே அதன் உறிஞ்சும் அளவு முழுமையாக ஒன்று. மற்ற எல்லாப் பொருளும் அதில் ஒரு பங்கு.

இந்த அலகைப் படித்தபோதுதான் எங்கள் பழைய வீடு எனக்கு விளங்கிற்று. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய கட்டட மரபு தெரியும்: மரச்சட்டம், சரிந்த ஓட்டுக் கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம். எங்கள் வீடு எளிய வீடுதான் என்றாலும் அதே மரபில் வந்தது. முற்றம் என்பது சபினின் கணக்கில் ஒரு மாபெரும் திறந்த ஜன்னல். கூரையின் சரிவும் கழிக்கோல்களும் ஒலியைப் பல திசைகளில் சிதறடித்தன. கயிற்றுக் கட்டில், சுருட்டி வைத்த பாய்கள், கொடியில் தொங்கிய துணிகள், இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை ட்ரெபிளை விழுங்கின. ஸ்பீக்கரின் நேரடி ஒலியே எங்களுக்கு மிகுதியாகக் கேட்டது.

புது வீட்டின் ஹாலை இதனோடு ஒப்பிடுவோம். சுமார் 13 அடி அகலம், 16 அடி நீளம், 10 அடி உயரம். அதாவது 4 மீட்டருக்கு 5 மீட்டர், 3 மீட்டர் உயரம். கன அளவு 60 கன மீட்டர். தரை, கூரை, சுவர்கள் எல்லாம் சேர்ந்து 94 சதுர மீட்டர் பரப்பு. பூசிய சுவரும் பளபளக்கும் டைல்ஸும் தம்மீது விழும் ட்ரெபிளில் நூற்றில் மூன்று பங்கை விழுங்கினால் அதிகம். 94-ஐ 0.03-ஆல் பெருக்கினால் கிடைப்பது 2.8, அதாவது அந்த அறை முழுவதும் சேர்ந்து மூன்று சதுர மீட்டர்கூட இல்லாத ஒரு ஜன்னலுக்குச் சமம். சபினின் வாய்ப்பாட்டின்படி கன அளவை 0.161-ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால், ஒலி 60 டெசிபெல் தேய்ந்து அடங்க ஆகும் நேரம் கிடைக்கும்: ஏறத்தாழ 3.4 விநாடி. கல் மண்டபத்துக்குரிய நேரம் இது. பாடகி அடுத்த வரிக்குப் போன பின்னும் முந்தைய வரியின் 'ஸ' சுவரில் மோதிக்கொண்டே இருக்கும்.

இப்போது அதே ஹாலில் 10 சதுர மீட்டர் கனத்த திரையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவோம். அது 5 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். 6 சதுர மீட்டர் தடித்த கம்பளத்துக்கு ட்ரெபிள் பகுதியில் 3.6. துணி உறையிட்ட சோபாவும் அதில் அமர்ந்த மூன்று பேரும் சேர்ந்து சுமார் 4. முன்பிருந்த 2.8-ஐயும் சேர்த்தால் மொத்தம் 15-க்கு மேல் ஆகிவிடுகிறது. அடங்கும் நேரம் 0.6 விநாடியாகச் சுருங்குகிறது. ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலே ஒலியின் குணம் மாறிவிடும். கல்யாண வீட்டில் ஆட்கள் நிறைந்திருக்கும்போது இதமாகக் கேட்ட பாட்டு, எல்லோரும் போன பிறகு கடுமையாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஆளும் ட்ரெபிளைப் பொறுத்தவரை ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல்.

ஆரல்வாய்மொழிப் பக்கத்து உறவினர் ஒருவர் தம் வீட்டு ஸ்டீரியோ ஆடி மாதத்தில் மட்டும் கெட்டுப்போகிறது என்று சொன்னபோது எனக்கு வியப்பில்லை. கணவாய் வழியே வரும் காற்றுக்குப் பயந்து அவர்கள் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். திறந்த ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடிச் சுவர்களாகிவிடுகின்றன.

உங்கள் அறையின் நிலையை அறிய, ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ஒலி உடனே அடங்கினால் நல்லது. 'ட்ர்ர்ர்' என்று உலோகத் தகட்டைச் சுண்டியது போல ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கிடையே ஒலி பந்து போல மாறி மாறி அடிபடுகிறது. அவற்றுள் ஒரு சுவரை மட்டும் உடைத்துவிட்டால் போதும். உடைப்பது என்றால் ஒரு புத்தக அலமாரியோ கனத்த திரையோ அங்கே வைப்பதுதான்.

எதை எங்கே தொங்கவிடுவது

அறை முழுவதையும் துணியால் மூட வேண்டியதில்லை, மூடவும் கூடாது. மெல்லிய பொருள்கள் ட்ரெபிளை மட்டும் விழுங்கி பேஸை அப்படியே விட்டுவிடுவதால், அளவு மீறினால் பாட்டு பானைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். முக்கியமான சில இடங்கள் மட்டுமே போதும்.

அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதுமானது. நீங்கள் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, மற்றொருவர் பக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடியை மெல்ல நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அந்த இடத்தில்தான் ஒலி முதன்முதலாகச் சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது. அந்த ஒலி நேரடி ஒலியைவிட ஒரு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஏறத்தாழ 3 மில்லிவிநாடி பிந்தி வரும். அவ்வளவு குறுகிய இடைவெளியைக் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதில்லை; நேரடி ஒலியோடு கலந்து அதன் நிறத்தையே மாற்றிவிடுகிறது. இரண்டு பக்கச் சுவர்களிலும் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் இடைப்பட்ட தரையில் ஒரு கம்பளத்தையும் விரித்தால் வேலையில் பாதி முடிந்தது.

தொங்கவிடும் பொருளுக்குத் தடிமன் வேண்டும். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் பத்து சென்டிமீட்டர். அதில் கால் பங்காவது, அதாவது ஓர் அங்குலமாவது தடிமன் இருந்தால்தான் உறிஞ்சல் பயனுள்ளதாக இருக்கும். மெல்லிய துணி உச்சி ட்ரெபிளை மட்டும் கொஞ்சம் தின்றுவிட்டு, உண்மையில் குத்தும் 3,000 ஹெர்ட்ஸைத் தொடாமல் விடும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதும் தெர்மோகோல் பலகை அடிப்பதும் பலர் செய்யும் வீண்வேலை. முட்டை அட்டை போதிய தடிமன் இல்லாதது, தெர்மோகோலின் துளைகள் மூடியவை என்பதால் காற்று அதற்குள் நுழையவே நுழையாது. ஒலியை விழுங்கும் பொருளுக்குள் காற்று நுழைந்து நாரோடு உராய வேண்டும். அந்த உராய்வில்தான் ஒலி வெப்பமாக மாறி அழிகிறது.

தேங்காய் நாருக்குப் பஞ்சமில்லாத நம் மாவட்டத்தில் இதற்குப் பெரிய செலவு வராது. ரப்பர் கலந்த பழைய கயிற்று மெத்தையை இரண்டடிக்கு நான்கடியாக வெட்டி, மரச்சட்டத்தில் பொருத்தி, மேலே கைத்தறித் துணி போர்த்தி நான் மாட்டியிருக்கிறேன். இலவம்பஞ்சு அதைவிட நன்றாக விழுங்கும். சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி மாட்டுவது இரண்டு வகையில் நல்லது: பின்னால் உள்ள காற்றிடைவெளி உறிஞ்சலை இன்னும் கீழ் அதிர்வெண்கள் வரை நீட்டும், தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் ஊரில் சுவரின் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்காமலும் காக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெயிலில் காயப் போட வேண்டும்.

ஸ்பீக்கரை வைக்கும் இடம்

ஷோகேஸின் மேல்தட்டிலும், கூரைக்கு அருகில் மூலையிலும், கண்ணாடி மேசையிலும் ஸ்பீக்கர் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்று முதல் மூன்றரை அடியில் இருப்பதே சரி. கூரைக்கு அருகில் வைத்தால் கூரையிலிருந்து திரும்பும் ஒலி மிகுந்துவிடும். கண்ணாடி மேசையில் வைத்தால் மேசையே ஓர் ஒலிக்கண்ணாடி ஆகிவிடும்.

திருப்பி வைக்கும் கோணமும் முக்கியம். பெரும்பாலான ட்வீட்டர்களின் கவிகை (ஒலி எழுப்பும் குவிந்த பகுதி) 25 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. ஒலியின் அலைநீளம் இந்த அளவுக்குச் சுருங்கும் 13,000, 14,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி பரவாமல் டார்ச் விளக்கின் ஒளி போல நேராகப் பாயத் தொடங்குகிறது. ஆகவே ஸ்பீக்கரை நேரே உங்கள் முகத்துக்குத் திருப்பினால் ட்ரெபிள் கூடும். பத்துப் பதினைந்து பாகை விலக்கினால் குறையும். செலவில்லாத ட்ரெபிள் குமிழ் இது. இரண்டு ஸ்பீக்கரின் பார்வைக் கோடுகளும் உங்கள் தலைக்குப் பின்னால் சந்திக்குமாறு வைத்துக் கேட்டுப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

பேஸ் குறைந்தால் ட்ரெபிள் குத்தும்

உணவில் புளியும் உப்பும் குறைந்தால் காரம் மட்டும் தூக்கலாகத் தெரிவது போல, பேஸ் குறைந்த ஒலியில் ட்ரெபிள் அளவாக இருந்தாலும் குத்தலாகவே கேட்கும். பேஸைத் திருடும் காரணங்களுள் மிகச் சாதாரணமானது, ஒயரைத் தலைகீழாக மாட்டுவது. ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் சரியாகவும் மற்றொன்றில் மாறியும் இருந்தால், ஒன்றின் வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ட்ரெபிள் மட்டும் மிஞ்சும். நடுவில் உட்கார்ந்து ஒரு தனிக்குரல் பாட்டைக் கேளுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஓர் இடத்தில் நிற்காமல் எங்கோ மிதந்தால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றி மாட்டிப் பாருங்கள். வீடு மாற்றியவர்கள், வெள்ளையடித்து முடித்தவர்கள் எல்லோரும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஸ்பீக்கர்களின் வூஃபரைச் சுற்றியுள்ள நுரைப்பஞ்சு வளையம் ஈரக்காற்றில் நாளடைவில் பொடிந்து உதிர்ந்துவிடும். முன்வலையைக் கழற்றி மெல்லத் தொட்டாலே தெரியும். வளையம் கிழிந்த வூஃபர் பேஸைத் தராது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், ஸ்பீக்கரையே மாற்ற வேண்டியதில்லை. உப்புக் காற்றில் செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்துவிடுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை முனையைக் கத்தரித்துப் புதிதாகச் சீவி மாட்டினால் இணைப்பு உறுதியாக இருக்கும்.

மூலத்தில் உள்ள குறைகள்

விநாடிக்கு 128 கிலோபிட்டுக்கும் குறைவாகச் சுருக்கிய பழைய எம்பி3 கோப்புகளில் ஜால்ராவும் சலங்கையும் உடைந்த கண்ணாடி போல நொறுங்கிக் கேட்கும். அதை எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது, வேறு நல்ல பிரதியைத் தேடுவதே வழி. கேசட் வைத்திருப்போர், அது இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி முறையில் பதிவானதா என்று அட்டையைப் பார்க்க வேண்டும். அந்த முறையில் மெல்லிய ட்ரெபிளை ஏற்றிப் பதிவுசெய்து, இயக்கும்போது இறக்குவார்கள். பொத்தானை அழுத்த மறந்தால் ஏற்றியது அப்படியே கேட்கும்.

இசைத்தட்டில் இது இன்னும் பெரிதாக நேரும். 1954-ல் நிலைபெற்ற, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ.வின் முறைப்படி, தட்டில் பதியும்போதே 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 டெசிபெல் குறைத்தும் 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபெல் கூட்டியும் பதிகிறார்கள். ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டுக்கென்றே உள்ள ஃபோனோ துளை இதைத் திருப்பிச் சமன்செய்யும். காந்த வகை கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய முனை) உள்ள டர்ன்டேபிளை அதில் செருகாமல் மற்றக் கருவிகளுக்கான ஆக்ஸ் துளையில் செருகினால், தகர டப்பாவில் ஊசி உருள்வது போன்ற ஒலிதான் வரும்.

குமிழும் ஈக்குவலைசரும்

அறையையும் இடத்தையும் சரிசெய்த பிறகே குமிழைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் உள்ள பேஸ், ட்ரெபிள் குமிழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலப் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-ல் வெளியிட்ட சுற்றின் வழிவந்தவை. ட்ரெபிள் குமிழைக் குறைத்தால் ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே போகப் போகக் குறைப்பு கூடிக்கொண்டே போகும். 3,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் குறைக்க நினைத்தால் 10,000 ஹெர்ட்ஸில் அதைவிட வெகுவாகக் குறைந்துவிடும். குத்தலோடு மினுக்கமும் போய், பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலாகும். கைப்பேசியிலோ ஆம்ப்ளிஃபையரிலோ ஈக்குவலைசர் (ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் தனியே ஏற்றி இறக்கும் வசதி) இருந்தால் 2,000 முதல் 4,000 வரையுள்ள பட்டையை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் இறக்குவதே சரியான வழி. 'ஸ' மட்டும் சீறினால் 6,000 அருகில் இறக்கலாம். பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றும் லவுட்னஸ் பொத்தான் மெல்லிய ஒலியில் கேட்பதற்காக ஏற்பட்டது. உரக்க வைக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையர் திணறும்போது

ஒலி 10 டெசிபெல் உயர, அதாவது காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்க, மின்திறன் பத்து மடங்கு வேண்டும். 2 வாட்டில் பாடிக்கொண்டிருந்த 20 வாட் ஆம்ப்ளிஃபையரிடம் இரு மடங்கு கேட்டால் அது தன் எல்லைக்கே வந்துவிடுகிறது. தவில் ஒருமுறை ஓங்கி விழுந்தாலும் அதனால் தாங்க முடியாது. அப்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. வெட்டுப்பட்ட 1,000 ஹெர்ட்ஸ் அலையிலிருந்து 3,000, 5,000, 7,000 ஹெர்ட்ஸ் எனப் புதிய ஒலிகள் பிறக்கின்றன. அவை நேராகக் காது மிகக் கூசும் பகுதியில் விழுகின்றன. இந்தக் குத்தல் காதை மட்டுமல்ல, ட்வீட்டரையும் எரித்துவிடக் கூடியது. பேஸ் குமிழை முழுதும் திருகி வைப்பவர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் பேஸ்தான் ஆம்ப்ளிஃபையரின் திறனில் பெரும்பங்கைத் தின்கிறது. பேஸைச் சற்று இறக்கினாலே திணறல் நின்றுவிடும்.

இவை அனைத்தையும் செய்த பின்னும், இரண்டடி தூரத்தில் கேட்கும்போதும் குத்துகிற ஸ்பீக்கர்கள் சில உண்டு. அவற்றில் ட்வீட்டருக்கு முன் ஒரு சிறு ரிசிஸ்டரை (மின்தடையை) தொடராக இணைக்கலாம். 8 ஓம் ட்வீட்டருக்கு 1 ஓம் இணைத்தால் சுமார் 1 டெசிபெல் குறையும். 2 ஓம் இணைத்தால் சுமார் 2 டெசிபெல். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் காதுக்கு நன்றாகவே தெரியும் மாற்றம் இது. 10 வாட் தாங்கும் ரிசிஸ்டராக இருக்கட்டும். பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் எல்லையும் இதனால் சற்று நகரும் என்பதால் 2 ஓமுக்கு மேல் போக வேண்டாம். ஆம்ப்ளிஃபையர் உள்ளே இல்லாத ஸ்பீக்கர் பெட்டிக்குள் இதைச் செய்வதில் ஆபத்தில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் மூடியைத் திறப்பது வேறு விஷயம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பதிவிலேயே கூர்மையாக அமைந்த பாட்டுகள் எஞ்சும். நாதஸ்வரமே தெருவுக்கும் கோவில் பிரகாரத்துக்கும் உரிய கருவி. அதன் வாயருகே மைக்கை வைத்துப் பதிந்ததை 13 அடி ஹாலில் கேட்கும்போது கொஞ்சம் கடுமை இருக்கத்தான் செய்யும். வில்லுப்பாட்டில் வீசுகோல் படும்போது வில்லில் கட்டிய மணிகள் கலகலப்பதையும் ஜால்ராவின் 'ஜல்'லென்ற ஓசையையும் முழுதும் மழுங்கடித்துவிட்டால் அது வில்லுப்பாட்டாகவே இராது. அத்தகைய பதிவுகளுக்கென்று 3,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறக்கிய ஓர் ஈக்குவலைசர் அமைப்பை நான் தனியே சேமித்து வைத்திருக்கிறேன்; மற்றவற்றுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. கயிற்று மெத்தைச் சட்டங்களை மாட்டிய வாரத்திலிருந்து சமையலறையிலிருந்து குறைக்கச் சொல்லும் குரல் வரவில்லை. உடுக்கை ஒலிக்கும் இடத்தில் கொஞ்சம் கூட்டச் சொல்லி ஒருமுறை வந்தது.